மொச்சையிலிருந்து ‘பெப்டைடு’ பவுடர்... மகளிர் குழு பணம் போடலாமா?

“ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் 12 பேர் கொண்ட மகளிர் குழு நடத்துகிறோம். சாமை, கேழ்வரகு, மொச்சை, கொள்ளு பயிரிடுகிறோம். ஆளுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. மொச்சையில் என்சைம் கலந்து ‘பெப்டைடு’ பவுடர் தயாரித்தால் நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒருவர் வந்து சொல்கிறார். தொட்டி, என்சைம், பயிற்சி எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். அந்தப் பவுடரைச் சாப்பிட்டால் ரத்த அழுத்த மாத்திரையே வேண்டாம் என்றும் சொல்கிறார். குழுவின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கினால்தான் அவ்வளவு பணம் வரும். இதை நம்பி இறங்கலாமா?”
- ஏற்காடு வாசகிகள், சேலம் மாவட்டம்.

வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. மொச்சை, கொள்ளு, சோயா, நிலக்கடலை போன்றவற்றின் புரதத்தை நொதிகளால் சிறுசிறு துண்டுகளாக்க முடியும். அந்தத் துண்டுகளுக்குப் பெயர்தான் பெப்டைடு. உலகம் முழுக்க இதைத் தொழிற்சாலைகள் செய்கின்றன. ஆனால், ஒரு தொட்டியும் ஒரு பொட்டலம் என்சைமும் இருந்தால் மலைக் கிராமத்தில் செய்துவிடலாம் என்பதும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பதும் சரியல்ல. பணம் கட்டும் முன்பு குழுவினர் இதன் அடிப்படையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பூச்சரமும் கத்தியும்

புரதம் என்பது நீளமான பூச்சரம் மாதிரி. அதில் உள்ள ஒவ்வொரு பூவும் ஓர் அமினோ அமிலம். 20 வகைப் பூக்களை வெவ்வேறு வரிசையில் தொடுத்தால் வெவ்வேறு புரதம். மொச்சையின் புரதம் ஒரு சரம், முட்டையின் புரதம் இன்னொரு சரம். இந்த நீளமான சரத்தை இரண்டு பூ, ஐந்து பூ, இருபது பூ எனத் துண்டு போட்டால் அவை பெப்டைடுகள். பூக்களைத் தனித்தனியாக உதிர்த்துவிட்டால் வெறும் அமினோ அமிலங்கள்.

துண்டு போடும் கத்திதான் நொதி. என்சைம் என்று சொல்வதும் இதையேதான். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலைதான் உண்டு. மாவுச்சத்தை வெட்டும் நொதி புரதத்தைத் தொடாது. ஆட்டுக்கறி வேகாதபோது வீட்டில் பச்சைப் பப்பாளித் துண்டு ஒன்றைப் போடுவார்கள். பப்பாளிப் பாலில் உள்ள ‘பப்பைன்’ என்ற நொதி இறைச்சிப் புரதத்தை வெட்டுவதால்தான் கறி மெத்தென்று ஆகிறது. அன்னாசிப்பழத்தை அதிகம் சாப்பிட்டால் நாக்கு எரிவதற்கும் அதிலுள்ள ‘புரோமெலைன்’ என்ற நொதி ஒரு காரணம். மனிதரின் வயிற்றிலும் சிறுகுடலிலும் இதே வேலையைச் செய்ய பெப்சின், டிரிப்சின் என்ற நொதிகள் இருக்கின்றன. சாப்பிட்ட மொச்சைக் குழம்பு உடலுக்குள் போனதும் பெப்டைடுகளாகத்தான் மாறுகிறது.

சேர்வராயன் மலைக்கு நொதி புதிதல்ல. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில் இங்கே காபி வந்தது. காபிப் பழத்தின் தோலை உரித்தபின் கொட்டையின் மேல் வழுவழுப்பாக ஒரு பசை ஒட்டியிருக்கும். கொட்டையைத் தொட்டியில் ஓர் இரவும் பகலும் போட்டுவைத்தால் அந்தப் பசை கரைந்து, கழுவும்போது கொட்டை சொரசொரவென்று ஆகிவிடும். பசையில் உள்ள பெக்டினை நுண்ணுயிர்களின் நொதிகள் வெட்டுவதால் நடக்கும் வேலை இது. நேரம் போதாவிட்டால் பசை போகாது. நேரம் கூடிப்போனால் காபியில் புளிப்பும் கெட்ட வாடையும் ஏறி விலை குறையும். சூடு, நேரம், சுத்தம் மூன்றும் கைக்குள் இருந்தால்தான் நொதி நினைத்ததைச் செய்யும். பெப்டைடு தயாரிப்புக்கும் இதே விதிதான். ஆனால் அதில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக வேண்டும்.

தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் பருப்பை மாவாக்கி, எண்ணெய் அதிகமுள்ள பொருளாக இருந்தால் எண்ணெயை எடுத்துவிடுவார்கள். மாவைக் காரத்தன்மையுள்ள தண்ணீரில் கரைத்தால் புரதம் தண்ணீருக்குள் வரும். மாவுச்சத்தும் நாரும் அடியில் தங்கும். மேலே உள்ள கரைசலை எடுத்து, அமிலம் சேர்த்து, கார அமில அளவை 4.5 பக்கம் கொண்டுவந்தால் பால் திரிவதுபோலப் புரதம் திரிந்து இறங்கும். அதைப் பிரித்தெடுத்து மறுபடியும் கரைத்து, நொதியைச் சேர்ப்பார்கள்.

எந்த நொதி என்பதைப் பொறுத்து சூடும் கார அமில அளவும் மாறும். பப்பைன் சுமார் 65 டிகிரி செல்சியஸில் சுறுசுறுப்பாக இருக்கும். பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் நொதிகளுக்கு 50 முதல் 60 டிகிரி வரை தேவைப்படும். சில மணி நேரம் ஒரே சூட்டில் வைத்திருந்து, வேண்டிய அளவு வெட்டு விழுந்ததும் 85 முதல் 90 டிகிரிக்குச் சூடேற்றி நொதியைச் செயலிழக்கச் செய்வார்கள். பிறகு வடிகட்டி, கரைசலைப் பொடித் துளிகளாகச் சூடான காற்றில் தெளித்து உலர வைப்பார்கள். அதுதான் பவுடர்.

இதில் மலைக் கிராமத்துக்குச் சிக்கலான இடங்கள் நான்கு.

முதலாவது, அளவு. காய்ந்த மொச்சையில் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ புரதம் இருக்கும். 22 கிலோ என்றே எடுத்துக்கொண்டு, அதில் 60 சதவிகிதத்தைப் பிரித்தெடுக்க முடிந்தது என்று கணக்குப் போட்டாலும் 13 கிலோதான் வரும். அதாவது, 1 கிலோ புரதத்துக்கு 7 கிலோவுக்கு மேல் மொச்சை வேண்டும். நொதி சேர்த்து வடிகட்டும்போது இன்னும் குறையும். மீதமுள்ள மாவுச்சத்தும் நாரும் ஈரமாகக் கிடக்கும். ஒரே நாளில் புளித்துவிடும். அதை உலர்த்தவோ மாட்டுக்கு உடனே போடவோ வழி வேண்டும். கழிவுத் தண்ணீரை ஓடையில் விட முடியாது. வந்தவர் சொன்ன விலையை 7 கிலோ மொச்சையின் விலை, விறகு அல்லது மின்சாரம், நொதி, கூலி ஆகியவற்றோடு ஒப்பிட்டாலே பாதி விவரம் புரிந்துவிடும்.

இரண்டாவது, உலர்த்தல். பெப்டைடு பவுடர் காற்றில் உள்ள ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும் பொருள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம் சூழும் ஏற்காட்டில், அறைக்குள் வைத்த உப்பே கசியும். அங்கே வெயிலில் உலர்த்தி இந்தப் பவுடரைத் தயாரிக்க முடியாது. தெளிப்பு உலர்த்தி இயந்திரம் வேண்டும். அதன் விலை குழு கட்டப்போகும் 1,80,000 ரூபாய்க்குள் அடங்காது.

மூன்றாவது, பாதுகாப்பு. சூடு சரியாக இல்லாமல் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் பருப்புக் கரைசல், கெட்ட பாக்டீரியாக்களுக்கு விருந்து. நொதி வேலை செய்ததா, கிருமி வேலை செய்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பரிசோதனை செய்ய ஆய்வக வசதி வேண்டும்.

நான்காவது, ருசி. புரதத்தை நொதியால் வெட்டும்போது, உள்ளே மறைந்திருக்கும் சில அமினோ அமிலங்கள் வெளிப்பக்கம் வந்து கசப்பைக் கொடுக்கும். இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1943-ம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது, பட்டினியால் செரிமானம் கெட்டுப்போனவர்களுக்குக் கொடுப்பதற்காக, இறைச்சிப் புரதத்தைப் பப்பைன் கொண்டு செரிக்கவைத்த கரைசலைக் கல்கத்தாவில் ஆய்வாளர்கள் தயாரித்தார்கள். அந்த அனுபவத்தைப் பார்த்து, 1945-ல் ஜெர்மனியின் பெல்சன் முகாமிலிருந்து மீட்கப்பட்ட பட்டினி நோயாளிகளுக்கும் இத்தகைய கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் ருசியைச் சகிக்க முடியாமல் பலர் குடிக்க மறுத்துவிட்டார்கள். கொழுப்பு நீக்கிய பால்தான் அங்கே கைகொடுத்தது. பசித்தவர்களே ஒதுக்கிய ருசியை, கடையில் காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். கசப்பை நீக்க இன்னொரு வகை நொதியும் தனி நுட்பமும் தேவை.

ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. கடிதத்தில் உள்ளவற்றில் இதுதான் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

சில பெப்டைடுகள் ரத்தக் குழாயைச் சுருங்கவைக்கும் ஒரு நொதியைத் தடுக்கும் என்பது ஆய்வகத்தில் உறுதியானதுதான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ‘கேப்டோப்ரில்’ என்ற மருந்தின் கதையும் அங்கேதான் தொடங்கியது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தில் இருந்த பெப்டைடு ஒன்று அந்த நொதியைத் தடுத்தது. ஆனால், வாய் வழியாகக் கொடுத்தால் அந்தப் பெப்டைடு பலன் தரவில்லை. ஊசியாகத்தான் போட வேண்டியிருந்தது. அதனால் அதை மாதிரியாக வைத்து, வயிற்றைத் தாண்டிப் போகக்கூடிய வேறொரு சிறிய மூலக்கூறை விஞ்ஞானிகள் வடிவமைத்தார்கள். 1981-ல் அது அமெரிக்காவில் மருந்தாக வந்தது.

சாப்பிடும் பெப்டைடு வயிற்றிலும் குடலிலும் மறுபடி வெட்டுப்படும் என்பதை இந்தக் கதை காட்டுகிறது. சோதனைக் குழாயில் பலன் தந்த துண்டு ரத்தத்துக்கு முழுசாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. பாலிலிருந்து கிடைக்கும் இரண்டு பெப்டைடுகளைப் பற்றி ஜப்பானில் நிறைய ஆய்வுகள் நடந்து, அவற்றைச் சேர்த்த பானம் விற்பனைக்கும் வந்தது. ஆனால் அவை ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என 2012-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு சொன்னது. அவ்வளவு ஆய்வு நடந்த பொருளுக்கே அந்த நிலை என்றால், ஒரு தொட்டியில் கலக்கிய மொச்சைப் பவுடரை நம்பி மாத்திரையை நிறுத்தினால், பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் புரதப் பவுடரையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. நிலக்கடலை, சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதன் பெப்டைடும் ஒவ்வாமையைத் தரலாம்.

குழு உண்மையில் என்ன செய்யலாம்?

நொதியைக் காசு கொடுத்து வாங்காமலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. அது முளைகட்டுதல். விதை ஈரம் பட்டதும், சேமித்து வைத்த புரதத்தைத் தன் சொந்த நொதிகளாலேயே வெட்டி, பெப்டைடாகவும் அமினோ அமிலமாகவும் மாற்றி முளைக்குக் கொடுக்கிறது. பச்சைப் பயறு வகைகளில் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் உண்டு. ஊறவைத்து, முளைகட்டி, வறுக்கும்போது அவை குறைகின்றன. மொச்சை, கொள்ளு, கேழ்வரகு மூன்றும் இந்த மலையில் விளைபவை. இந்த மூன்றையும் முளைகட்டி மாவாக்கிச் சத்துமாவு செய்வது 12 பேர் கொண்ட குழுவுக்குக் கைவசப்படும் வேலை.

செய்முறை கடினமில்லை. சுத்தம் செய்த கொள்ளு, மொச்சையை 8 முதல் 12 மணி நேரம் தனித்தனியாக ஊறவைக்க வேண்டும். ஊறவைத்த தண்ணீரை அப்படியே கொட்டிவிட வேண்டும். குறிப்பாக, கருநிற மொச்சை ஊறிய தண்ணீரைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு தடவை அலசி, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். கீழே சமவெளியில் ஒரே நாளில் வரும் முளை, மலையின் குளிரில் ஒன்றரை நாள்கூட எடுக்கும். 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை அலசி வடித்தால் வழுவழுப்பும் வாடையும் வராது. முளை கால் அங்குலம் வந்ததும் நிறுத்திவிடலாம். நீளமாக வளரவிட்டால் மாவு கசக்கும்.

அடுத்து உலர்த்தல். சத்துமாவு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மழைக்காலத்தில் வெயிலை நம்பினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் போகாது. சூரியக் கூடார உலர்த்தி அல்லது தட்டு உலர்த்தி ஒன்றைக் குழுவாக வாங்குவது, பெப்டைடு தொட்டிக்குக் கொடுக்கும் பணத்தைவிடப் பயனுள்ள முதலீடு. அதே உலர்த்தியில் மிளகையும் பழத்துண்டுகளையும் காய வைக்கலாம். கடித்தால் ‘கடக்’கென்று உடையும் வரை காய்ந்ததும், வாசனை வரும்வரை மிதமான தீயில் வறுத்து அரைக்க வேண்டும். பச்சை முளையில் கிருமிகள் பெருகியிருக்க வாய்ப்புள்ளதால் வறுப்பதைத் தவிர்க்கக் கூடாது. ஆறியபிறகு காற்றுப் புகாத பையில் அடைக்க வேண்டும்.

விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். பொட்டலத்தில் சேர்மானம், தயாரித்த தேதி, பயன்படுத்தும் கடைசித் தேதி, பதிவு எண் இருக்க வேண்டும். ‘சர்க்கரையைக் குணமாக்கும்’, ‘ரத்த அழுத்தம் போகும்’ என்று அச்சிடக் கூடாது. அப்படி அச்சிட்டால் வழக்கு குழுவின் பெயரில்தான் வரும், யோசனை சொன்னவர் பெயரில் வராது. தொடக்கத்தில் 10 கிலோ தயாரித்து, ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடமும் சேலம் உழவர் சந்தைப் பக்கமும் விற்றுப் பார்த்து, வாங்கியவர்கள் மறுபடி கேட்கிறார்களா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வந்தவரிடம் கேட்க வேண்டியவை

குழு எந்த முடிவு எடுத்தாலும், பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

* திரும்ப வாங்கும் ஒப்பந்தத்தில் விலை, அளவு, தரம், காலம் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா? தரம் குறைவு என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் யார் நஷ்டம்?
* நொதியின் பெயர் என்ன? உணவுக்கு அனுமதிக்கப்பட்டதா? எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம்?
* பவுடருக்கு எந்த உரிமத்தின் கீழ் விற்பனை? ஆய்வக அறிக்கை இருக்கிறதா?
* இதே முறையில் ஓராண்டுக்கு மேல் தயாரித்து விற்றுவரும் குழு எங்கே இருக்கிறது? நேரில் போய்ப் பார்க்கலாமா?
* 1 கிலோ பவுடருக்கு எத்தனை கிலோ மொச்சை?

நேரில் பார்க்க இடம் இல்லை என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெரிய அளவில் புரதத் தொழில்நுட்பத்தில் இறங்க விரும்பும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மைசூரில் 1950-ல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். அதன் முதல் இயக்குநர் வி.சுப்பிரமணியன் காலத்திலேயே, நிலக்கடலைப் புண்ணாக்கு மாவையும் கடலைமாவையும் சேர்த்து மலிவான சத்துணவு அங்கே உருவாக்கப்பட்டது. இன்னொன்று, தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே சிறு தொழில்முனைவோர் இயந்திரங்களைப் பயன்படுத்தித் தயாரித்துப் பார்க்க வசதி உண்டு. உள்ளூரில் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும், சேலம் சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி, உலர்த்திக்கான மானியம் பற்றியும் பயிற்சி பற்றியும் கேட்கலாம்.

“காபிச் செடிக்குத் தெளிக்க ‘பெப்டைடு டானிக்’ என்று ஒன்றை விற்கிறார்கள். லிட்டர் விலை அதிகமாக இருக்கிறது. வாங்கலாமா? வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?”
- சேர்வராயன் மலை வாசகர்.

புரதத்தை வெட்டித் தயாரித்த கரைசல்கள் பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. வேர் வளர்ச்சி, வறட்சியைத் தாங்கும் திறன் போன்றவற்றில் பலன் பதிவாகியிருக்கிறது. இவை உரத்துக்கு மாற்று இல்லை. செடிக்குத் தேவையான தழைச்சத்தை ஒரு சில மில்லி டானிக்கால் கொடுக்க முடியாது. மண்ணில் சத்தும் ஈரமும் இருக்கும்போது இவை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்தம் செய்து, இதுபோன்ற ‘உயிரி ஊக்கி’களைக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. புரதச் சிதைவுப் பொருள்களும் அமினோ அமிலங்களும் அதில் ஒரு பிரிவு. எனவே, பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர், சேர்மானம், எந்தப் பயிருக்கு எவ்வளவு என்ற விவரம் இருக்க வேண்டும். கடைக்காரர் ரசீது கொடுக்க வேண்டும். இவை இல்லாத பாட்டிலை வாங்க வேண்டியதில்லை. 2025-ல் விலங்குகளின் தோல், எலும்பு, இறகு போன்றவற்றிலிருந்து எடுத்த சில ஊக்கிகளின் அனுமதியை அரசு திரும்பப் பெற்றுவிட்டது. அதனால் எதிலிருந்து எடுத்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது புண்ணாக்குக் கரைசல். கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ 45 முதல் 50 சதவிகிதம் புரதம் உண்டு. 1 கிலோ புண்ணாக்கை 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் மூடிவைத்து, காலையும் மாலையும் கலக்கிவர வேண்டும். நுண்ணுயிர்களின் நொதிகள் புரதத்தை வெட்டத் தொடங்கும். கீழ்நாட்டில் இரண்டு மூன்று நாள் போதும். மலையில் இன்னும் ஒரு நாள் சேர்த்து வைக்கலாம். லேசான புளித்த வாடை இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்துவிட்டால், புரதம் பெப்டைடையும் அமினோ அமிலத்தையும் தாண்டி அம்மோனியாவாக மாறிக் காற்றில் போகிறது என்று அர்த்தம். வடிகட்டி, 10 மடங்கு தண்ணீர் சேர்த்து, ஈரமான மண்ணில் செடியின் தூர்ப்பக்கம் ஊற்றலாம். இலையில் தெளிப்பதைவிட இதுவே பாதுகாப்பு. முதலில் 10 செடிக்கு ஊற்றி, பக்கத்தில் 10 செடியை அப்படியே விட்டு, இரண்டு மாதம் கழித்து வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்தபின் தோட்டம் முழுக்கச் செய்யலாம். விலை கொடுத்து வாங்கும் டானிக்கையும் இதே முறையில் சோதித்துப் பார்க்கலாம். இந்தக் கரைசலைச் சொந்தத் தோட்டத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை. பாட்டிலில் அடைத்து விற்க அனுமதி வேண்டும்.

“மலையடிவாரத்தில் 1 ஏக்கர் பப்பாளி இருக்கிறது. பப்பாளிப் பாலுக்கு விலை உண்டு என்கிறார்கள். எப்படி எடுப்பது?”
- ஓமலூர் வட்ட வாசகர்.

புரதத்தை வெட்டும் நொதிகளில் விவசாயி நேரடியாகத் தோட்டத்திலிருந்து எடுக்கக்கூடியது பப்பைன்தான். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-2, கோ-5 ரகங்கள் பால் எடுக்க ஏற்றவை. கோ-5 ரகத்தில் ஒரு பழத்துக்கு 14 முதல் 15 கிராம் வரை உலர்ந்த பப்பைன் கிடைக்கும். பப்பாளி அதிகக் குளிரைத் தாங்காது என்பதால் ஏற்காட்டின் மேல்பகுதியைவிட அடிவாரம்தான் இதற்குப் பொருத்தம்.

75 முதல் 90 நாள் வயதுள்ள பச்சைக் காயில், காலை 10 மணிக்கு முன்பு, துருப்பிடிக்காத பிளேடால் மேலிருந்து கீழாக நான்கு கீறல் போட வேண்டும். கீறல் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. ஆழமாகப் போனால் காய் அழுகும். வழியும் பாலைக் கண்ணாடி அல்லது அலுமினியப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. அதே காயில் மூன்று நாள் இடைவெளியில் நான்கு தடவை வரை பால் எடுக்கலாம். எடுத்த பாலில் 0.05 சதவிகிதம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கலந்தால் நிறம் கெடாது. அன்றே 50 முதல் 55 டிகிரி சூட்டில் உலர்த்திவிட வேண்டும். அதற்கு மேல் சூடு போனால் நொதியின் வீரியம் குறையும். வீரியத்துக்குத்தான் விலை.

பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. உலர்ந்த தூளை மூச்சில் இழுத்தால் இளைப்பு வரலாம். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் ஆட்களை இறக்கக் கூடாது. கீறிய பழம் உண்பதற்கு ஏற்றதுதான். ஆனால் தழும்பு இருப்பதால் சந்தையில் விலை குறையும். டூட்டி ஃப்ரூட்டி தயாரிப்பவர்கள் காயாகவே வாங்கிக்கொள்வார்கள். எனவே, பாலை வாங்கும் நிறுவனத்தோடும் காயை வாங்குபவரோடும் ஒப்பந்தம் முடிந்த பிறகே முதல் கீறலைப் போட வேண்டும். 1 ஏக்கரில் எல்லா மரத்திலும் தொடங்காமல், 20 மரத்தில் எடுத்து, கூலி போக என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்த்துவிட்டு மற்ற மரங்களுக்குப் போவதே நல்லது.